மலைமேல் சிநேகிதரோடு: ஒரோப்பா தரும் பாடம்

விடுமுறை வந்துவிட்டால் வாலிபப் பிள்ளைகள் நாலு பேர் கூடி, "மலைக்குப் போய் வருகிறோம்" என்று வீட்டில் உத்தரவு கேட்பது வழக்கம். கேட்ட மாத்திரத்தில் பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், "திருத்தலத்துக்கு யாத்திரை போவதானால் போ, ஊர் சுற்றப் போவதானால் வேண்டாம்" என்கிறார்கள். மற்றொரு சாரார், "பிள்ளை சந்தோஷமாயிருந்தால் போதும், பூசை, ஜெபமெல்லாம் வீடு திரும்பினபிறகு பார்த்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். இரண்டு பேச்சும் ஒரே தப்பெண்ணத்திலிருந்துதான் பிறக்கின்றன. பக்தி ஒரு பக்கம், சந்தோஷம் மறுபக்கம். இரண்டும் ஒரே பாதையில் சேர்ந்து நடக்கமாட்டா என்பதே அந்த எண்ணம்.

இது தப்பு என்று வாதம் செய்வதைவிட, சேர்ந்து நடந்து காட்டின ஒருவரைப் பார்ப்பது நல்லது. இத்தாலி நாட்டு வாலிபரான பியர் ஜோர்ஜியோ பிராசாத்தி அப்படிப்பட்டவர். அவர் குருவானவர் அல்ல, சந்நியாசியும் அல்ல. கல்லூரி மாணவர், மலையேறுவதில் மகா பிரியர். 24-ஆம் வயதில் மரித்த அவரை, 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி பாப்பானவர் 14-ஆம் சிங்கராயர் (லியோ) உரோமையில் அர்ச்சியசிஷ்டவராகப் பிரகடனம் செய்தார். அவர் சிறுபிள்ளை முதல் நேசித்த மலை, தேவமாதாவின் திருத்தலமான ஒரோப்பா. அந்த மலையையும் அவருடைய சிநேகிதர் கூட்டத்தையும் இந்த வாரம் நம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. தேவமாதாவின் மலை

இத்தாலியின் வடமேற்கு மூலையில் பியெமோந்தே என்ற மாகாணம் இருக்கிறது. அங்கே ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில், கம்பளி நெசவுக்குப் பேர்போன பியெல்லா பட்டணம். அங்கிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதையில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் போனால் ஒரோப்பாத் திருத்தலம். கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,160 மீட்டர் உயரம். கோவிலுக்குப் பின்னால் 2,335 மீட்டர் உயரமுள்ள முக்ரோனே சிகரம் மதில்போல எழுந்து நிற்கிறது.

இங்கே வணங்கப்படுவது கறுத்த திருமுகமுள்ள தேவமாதாவின் மரச்சுரூபம். 4-ஆம் நூற்றாண்டில் வெர்செல்லி மேற்றிராணியாரான அர்ச். எவுசேபியுஸ் அதைக் கீழ்த்திசையிலிருந்து கொண்டுவந்தார் என்பது அந்நாட்டாரின் பாரம்பரியம். சுரூபம் 13-ஆம் நூற்றாண்டின் வேலைப்பாடு என்பது கலை ஆராய்ச்சியாளரின் கணிப்பு. எப்படியானாலும் பல நூறு ஆண்டுகளாக அந்த மலை ஜனங்கள் தங்கள் கண்ணீரை இந்தத் தாயின் பாதத்தில் கொட்டி வந்திருக்கிறார்கள். 1599-ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவினபோது பியெல்லா நகரத்தார் தேவமாதாவுக்கு ஒரு பொருத்தனை செய்துகொண்டார்கள். பழைய பெரிய கோவில் அந்தப் பொருத்தனையின் பலனாக எழுந்தது. 1620-ல் சுரூபத்துக்கு முதல்முறை மகுடம் சூட்டினார்கள்; அதுமுதல் நூறாண்டுக்கு ஒருமுறை, 1720, 1820, 1920 ஆகிய ஆண்டுகளில் அந்தச் சடங்கு நடந்தது. 2020-ல் கொரோனா நோயின் காரணமாகத் தள்ளிவைக்கப்பட்டு, 2021-ல் ஐந்தாம் முறையாக மகுடம் சூட்டப்பட்டது. அங்குள்ள புதிய கோவிலோ 1885-ல் தொடங்கி 1960-ல் முடிந்தது. எழுபத்தைந்து ஆண்டு வேலை! அஸ்திவாரம் போட்டவர்களில் எத்தனை பேர் கோபுர உச்சியைப் பார்த்திருப்பார்கள்?

மலைச்சரிவில் தேவமாதாவின் சரித்திரத்தைச் சுரூபங்களாகக் காட்டும் சிறு கோவில்கள் வரிசையாக இருக்கின்றன. இவற்றையும் சேர்த்து அந்தப் பக்கத்து ஒன்பது "திருமலைகளை" யுனெஸ்கோ 2003-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. யாத்திரிகர் தங்குவதற்கு நூற்றுக்கணக்கான அறைகளும் உண்டு. அங்கே ஜெபமாலையோடு வந்தவரும் மலையேறும் கோலோடு வந்தவரும் ஒரே கூரையின்கீழ் படுத்து உறங்குகிறார்கள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். மலைக்கு அப்பால் ஆவோஸ்தாப் பள்ளத்தாக்கில் பொந்தேன்மோர் என்ற சிறு கிராமம் இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்த ஊரார் இரவில் புறப்பட்டு, விளக்குகளை ஏந்தி, ஜெபம் சொல்லிக்கொண்டு, 2,000 மீட்டருக்கும் மேலான கணவாயைக் கால்நடையாய்க் கடந்து ஒரோப்பாவுக்கு வந்து சேருகிறார்கள். பல நூற்றாண்டுகளாக நடந்துவரும் சுற்றுப்பிரகாரம் இது. இதை யாத்திரை என்பதா, மலையேற்றம் என்பதா? அந்தக் குடியானவர்களுக்கு இந்தக் கேள்வியே தோன்றியிராது. கால் வலித்தது, பக்கத்தில் நடந்தவன் கைகொடுத்தான், விடிந்தபோது தாயின் வீடு தெரிந்தது. அவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான்.

2. அடிவாரத்துப் பிள்ளை

பியர் ஜோர்ஜியோ 1901-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, பெரிய சனிக்கிழமையன்று, துரின் நகரில் பிறந்தார். தகப்பனார் அல்பிரேதோ பிராசாத்தி, "லா ஸ்தாம்பா" என்ற பிரபல தினசரிப் பத்திரிகையை நிறுவியவர்; பின்னர் பெர்லின் நகரில் இத்தாலியின் ராஜதூதராகவும் இருந்தார். தாயார் ஓவியம் தீட்டுகிறவர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை, பக்திக்குத்தான் குறைவு. தகப்பனாருக்குக் கோவில் பழக்கமில்லை. தாய்தந்தையரிடையே மனஒற்றுமையும் இல்லை. "நல்ல குடும்பத்தில் பிறந்தால்தான் நல்ல பிள்ளை" என்று சொல்லிக்கொள்ளுகிற நாம் இதைக் கவனிக்கவேண்டும்.

குடும்பத்தின் கோடைக்கால வீடு, ஒரோப்பாவின் அடிவாரத்திலுள்ள பொல்லோனே என்ற கிராமத்தில் இருந்தது. அங்கிருக்கும் நாட்களில் பியர் ஜோர்ஜியோ விடியுமுன் எழுந்து, மலைப்பாதையில் ஒரோப்பாவுக்கு நடந்து, பூசை கண்டு, நன்மை வாங்கி, வீட்டார் காலை உணவுக்கு உட்காரும் நேரத்தில் திரும்பி வந்துவிடுவார். அதைப் பற்றிப் பேசிக்கொள்ளமாட்டார். ஒருவரும் அவரை அனுப்பவில்லை, ஒருவரும் தடுக்கவுமில்லை. மலையேற்றமும் பூசையும் அவருக்கு ஒரே காலைவேளையின் இரண்டு காரியங்களாக ஆனது இப்படித்தான்.

1918-ல் அர்ச். வின்சென்ட் தே பவுல் சபையில் சேர்ந்தார். 1922-ல் அர்ச். சாமிநாதரின் மூன்றாம் சபையில் உட்பட்டார். கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்டது சுரங்கப் பொறியியல் படிப்பு. காரணம் கேட்டால், பூமிக்கடியில் கஷ்டப்படும் சுரங்கத் தொழிலாளர் நடுவே சேசுநாதருக்கு ஊழியம் செய்ய ஆசை என்பார்.

3. "போக்கிரிக் கூட்டம்"

1924-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதி, மலைப்பக்கம் போயிருந்தபோது பியர் ஜோர்ஜியோவும் சிநேகிதரும் ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். அதற்கு வைத்த பெயர் "திப்பி லோஸ்கி". நம் பேச்சில் சொன்னால், போக்கிரிக் கூட்டம்! உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு கேலிப் பட்டப்பெயர். பிராசாத்திக்குக் கிடைத்த பெயர் "ரோபெஸ்பியர்", பிரெஞ்சுப் புரட்சியில் பேர்போன பயங்கர மனிதனுடைய பெயர். விளையாட்டு அறிக்கைகளில் பீரங்கி முழக்கத்தையும் எழுத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆள் குறைவானாலும் மக்கரோனியைப்போல நல்லவர்கள் என்பது அவர்களுடைய விருதுவாக்கு. இத்தாலியர் தினமும் விரும்பிச் சாப்பிடும் மாவுப்பண்டம்தான் மக்கரோனி.

இந்தக் கூட்டம் மலையேறும்போது சிரிப்புக்குக் குறைவிராது. பியர் ஜோர்ஜியோ சுருதி சேராத குரலில் உரக்கப் பாடுவார். ரயிலில் மூன்றாம் வகுப்பில்தான் பிரயாணம் செய்வார். பணக்கார வீட்டுப் பிள்ளை ஏன் இப்படி என்று கேட்டால், நான்காம் வகுப்பு இல்லாததால் என்று பதில் சொல்லுவாராம். மிச்சம் பிடித்த காசு ஏழைகளுக்குப் போயிற்று.

கேலியும் கூத்துமாயிருந்த இந்தச் சங்கத்தைக் கட்டி நிறுத்தினது எது? ஜெபம். படிப்பு முடிந்து ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊருக்குப் பிரிந்துபோகும் காலம் வந்தபோது, தூரமும் காலமும் அறுக்கக்கூடாத கட்டு ஒன்று வேண்டும், ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பதே அந்தக் கட்டு என்று பியர் ஜோர்ஜியோ சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். உல்லாசத்துக்காக மட்டும் கூடின கூட்டம் விடுமுறை முடிந்ததும் கலைந்துவிடும். ஜெபத்தால் கட்டப்பட்ட கூட்டத்துக்கு அந்தக் கதி இல்லை.

இந்தக் கூட்டத்தில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களில் ஒரு பெண்ணைப் பியர் ஜோர்ஜியோ மனதார நேசித்தார். ஆனால் தம் வீட்டார் அந்தச் சம்பந்தத்தை ஏற்கமாட்டார்கள், தாய்தந்தையரிடையே ஏற்கெனவே உள்ள பிளவு இதனால் இன்னும் பெரிதாகும் என்று கண்டார். நேசத்தை அந்தப் பெண்ணிடம் சொல்லாமலே மனதுக்குள் அடக்கிக்கொண்டார். சிநேகத்தில் மாறுதல் காட்டவில்லை. முகத்தில் கசப்புக் காட்டவில்லை. மலைச் சிகரங்களில் அவர் ஏறின எந்த ஏற்றமும் இதைவிடக் கடினமாயிருந்திராது.

4. ஞாயிறும் சிகரமும்

மலையேறுகிறவர் விடியுமுன் புறப்படவேண்டும். ஞாயிற்றுக்கிழமையோ பூசை காணும் கடன் உண்டு. 1920-களில் பூசை காலையில் மட்டுமே நடக்கும். நன்மை வாங்குகிறவர் நடுநிசி முதல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அருந்தலாகாது. ஆகவே ஞாயிறன்று சிகரம் ஏற நினைத்த கத்தோலிக்கன், இருட்டோடு எழுந்து, பசியோடு பூசை கண்டு, பிறகுதான் கிளம்பவேண்டும். "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று சொல்லிக்கொள்ள எவ்வளவு சுலபம்! பியர் ஜோர்ஜியோ அப்படிச் சொல்லவில்லை. பூசை இல்லாவிட்டால் மலை இல்லை என்பது அவருடைய சட்டம். துரின் நகரில் 1914-ல் ஏற்பட்ட "ஜோவானே மொந்தாஞா" என்ற கத்தோலிக்க மலையேற்றச் சங்கத்தில் அவரும் ஓர் உறுப்பினர். மலையேற்றமும் விசுவாச வாழ்வும் ஒன்றாய் நடக்கவேண்டும் என்பதே அந்தச் சங்கத்தின் நோக்கம்.

திருச்சபை மலையேற்றத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது என்று யாராவது நினைத்தால், அந்நாளில் இராயப்பரின் சிம்மாசனத்தில் இருந்தவர் யார் என்று கேட்கட்டும். 11-ஆம் பத்திநாதர்! அக்கிலே ராத்தி என்ற குருவாயிருந்த காலத்தில், 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம், 4,634 மீட்டர் உயரமுள்ள மோந்தே ரோசாவை அதன் கடினமான கிழக்குப் பக்கத்திலிருந்து ஏறினவர் அவர். சிகரத்துக்குச் சற்றுக் கீழே, பனிக்குளிரில், பாறை விளிம்பொன்றில் இரவைக் கழித்தவர். 1922-ல் பாப்பானவரான அவர், 1923-ல் மெந்தோன் அர்ச். பெர்நார்துவை மலையேறுகிறவர்களின் பாதுகாவலராக நியமித்தார்.

இப்போது சட்டம் மிகவும் இளகியிருக்கிறது. 12-ஆம் பத்திநாதர் 1953-ல் தண்ணீர் அருந்த அனுமதித்து, மாலைப் பூசைக்கும் வழி திறந்தார். 1957-ல் உபவாசத்தை மூன்று மணி நேரமாக்கினார். 1964-ல் 6-ஆம் சின்னப்பர் அதை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். இன்று சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டாலும் ஞாயிற்றுக் கடன் தீரும். சட்டம் இளகினது நம்மைத் தேடி வருவதற்கே, நாம் விலகிப்போவதற்கு அல்ல. பிரயாணத் திட்டம் போடும்போது ரயில், பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்ளுகிற அதே தாளில், போகும் ஊரின் பூசை நேரத்தையும் குறித்துக்கொண்டால் முக்கால் பங்கு கஷ்டம் தீர்ந்துவிடும்.

5. பின்தங்கினவனின் கால்

மலைப்பாதைக்கு ஒரு பழைய சட்டம் உண்டு: கூட்டத்தின் வேகம், அதில் மெதுவாய் நடக்கிறவனுடைய வேகம். பலசாலி முன்னே ஓடி, மேட்டில் உட்கார்ந்து இளைப்பாறுகிறான். பின்தங்கினவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்துசேரும்போது, "சரி, புறப்படலாம்" என்று எழுந்துவிடுகிறான். ஓய்வு தேவையில்லாதவனுக்கு ஓய்வு, தேவையானவனுக்கு இல்லை. இது அநியாயம் மட்டுமல்ல, ஆபத்தும் ஆகும். களைத்தவன்தான் கால் இடறுகிறான். தனியானவன்தான் வழி தப்புகிறான். ஆகையால் பழகினவர் ஒருவர் முன்னால், இன்னொருவர் எல்லோருக்கும் பின்னால், பலவீனர் நடுவில் என்று நடப்பார்கள். பிறர்சிநேகத்தைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் கேட்பதைவிட, ஒருநாள் கடைசியாய் வருகிறவனோடு பொறுமையாய் நடப்பது அதிகம் கற்றுத்தரும்.

ஒரோப்பாவையே உதாரணமாய் வைத்துச் சில விஷயங்களைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நேரம்: சாதாரணமாய் நடக்கிறவர் ஒரு மணி நேரத்தில் 300 மீட்டர் உயரம் ஏறுவார். ஒரோப்பாக் கோவிலிலிருந்து முக்ரோனே ஏரி 1,894 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றம் ஏறத்தாழ 730 மீட்டர். ஆகவே இரண்டரை மணி நேரம் வேண்டும். சிகரம் வரை போவதானால் ஏற்றம் 1,175 மீட்டர். நாலு மணி நேரம். இறங்குவதற்கும் இளைப்பாறுவதற்கும் இன்னொரு நாலு மணி நேரம் ஒதுக்கினால், காலை ஆறு மணிக்குப் புறப்பட்டவர் பிற்பகல் இரண்டுக்குக் கோவிலில் இருப்பார். ஒன்பது மணிக்குப் புறப்பட்டவரோ, கோடைக்காலத்தில் ஆல்ப்ஸ் மலையில் இடிமழை பிடிக்கிற பிற்பகல் வேளையில் பாறைமேல் இருப்பார்.

குளிர்: ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். பியெல்லாப் பட்டணத்துக்கும் முக்ரோனே சிகரத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,900 மீட்டர். கீழே 25 பாகை வெயிலில் சட்டையோடு புறப்பட்டவனுக்கு மேலே 13 பாகை. அதனோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பளிச் சட்டையும் மழை அங்கியும் சுமையல்ல.

வழி: இத்தாலிய மலைச் சங்கத்தார் பாதைகளில் பாறையின்மேலும் மரத்தின்மேலும் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டி, பாதைக்கு எண்ணும் போட்டிருக்கிறார்கள். பட்டை கண்ணுக்குத் தெரியாமல் வெகுநேரம் நடந்தால், கடைசியாய்ப் பார்த்த இடத்துக்குத் திரும்புவதே புத்தி.

ஆபத்து: உதவி வேண்டினால் ஒரு நிமிஷத்தில் ஆறு தடவை, அதாவது பத்து விநாடிக்கு ஒருமுறை, கூவியோ ஊதியோ விளக்குக் காட்டியோ அடையாளம் செய்யவேண்டும். பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் நிமிஷத்துக்கு மூன்று. இது ஆல்ப்ஸ் மலை முழுவதும் அறிந்த பாஷை. ஐரோப்பாவில் 112 என்ற தொலைபேசி எண்ணும் உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, திரும்பி வரும் துணிவு. மேகம் கூடுகிறது, ஒருவனுக்குக் கால் சுளுக்கியிருக்கிறது, சிகரமோ அரைமணி தூரம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்ற அகங்காரம் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. மலை நாளைக்கும் அங்கேதான் இருக்கும். சிகரத்தை விட்டுக்கொடுத்துச் சிநேகிதனோடு இறங்குகிறவன் தோற்றவன் அல்ல.

6. இறங்கினபிறகு

தாபோர் மலையில் சேசுநாதரின் மகிமையைக் கண்ட அப்போஸ்தலர் மூவரும் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்டார்கள். ஆண்டவர் அதற்கு இடங்கொடுக்காமல் அவர்களைக் கீழே அழைத்து வந்தார். அடிவாரத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது யார்? நோயாளி மகனோடு நின்று கதறின ஒரு தகப்பன். மலையின் சந்தோஷம் உண்மையானதா என்று அடிவாரத்தில்தான் தெரியும்.

பியர் ஜோர்ஜியோவும் கிரிவோலா போன்ற, 4,000 மீட்டரை நெருங்கும் சிகரங்களிலிருந்து இறங்கி, துரின் நகரத்துச் சேரிகளுக்குள் நுழைந்தார். அவர்களுக்கு மருந்து, விறகு, துணி வாங்கிக் கொடுத்தார். வேலை தேடிக் கொடுத்தார். அடகுவைத்ததை மீட்டுக் கொடுத்தார். வீட்டாருக்கு இதில் பெரும்பகுதி தெரியாது.

1925-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் தேதி லான்சோப் பள்ளத்தாக்கில் ஒரு பாறையில் ஏறினார். அதுவே கடைசி ஏற்றம். அன்று எடுத்த படத்தின்மேல் தம் கையால் "உயரத்தை நோக்கி" என்று எழுதினார். அந்த மாதக் கடைசியில் நோய் கண்டது, இளம்பிள்ளைவாதம். அவர் சந்தித்து வந்த ஏழை நோயாளிகளிடமிருந்தே அது தொற்றியிருக்கவேண்டும் என்று கருதப்படுகிறது. அதே நாட்களில் வீட்டில் பாட்டியார் மரணப்படுக்கையில் இருந்தார். ஜூலை 1-ஆம் தேதி இறந்தார். எல்லோருடைய கவனமும் அங்கே. பியர் ஜோர்ஜியோ தம் வேதனையைச் சொல்லி யாரையும் தொந்தரவு செய்யவில்லை. வீட்டார் கண்டுகொண்டபோது காலம் கடந்துவிட்டது.

ஜூலை 3, வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை, அவர் ஏழைகளைச் சந்திக்கப் போகும் நாள். பாதி செயலற்ற கையால், கிறுக்கலான எழுத்தில், ஒரு சிநேகிதருக்குச் சீட்டு எழுதினார். இன்ன ஏழைக்கு ஊசிமருந்து சேர்க்கவேண்டும். இன்னொருவரின் அடகுச்சீட்டைத் தம் கணக்கில் புதுப்பிக்கவேண்டும் என்பதே செய்தி. மலைமேல் தம்மோடு நடந்தவர்கள், தாம் போகமுடியாத இடத்துக்குத் தமக்காகப் போவார்கள் என்ற நம்பிக்கை அந்தச் சீட்டில் இருந்தது. மறுநாள் சாயங்காலம் உயிர் பிரிந்தது.

அடக்கத்தன்று வீதியெங்கும் ஏழைகள் ஆயிரக்கணக்கில் நின்று அழுதார்கள். இவர்களெல்லாம் யார் என்று தாய்தந்தையர் திகைத்தார்கள். இந்த ஏழைகளும் தாங்கள் அறிந்த இந்த வாலிபன் இன்ன பெரிய வீட்டுப் பிள்ளை என்று அன்றுதான் அறிந்தார்கள். ஒரே வீட்டில் 24 ஆண்டு வாழ்ந்த மகனை, பிரேதப்பெட்டியின் பின்னால் நடக்கும்போதுதான் பெற்றோர் அறிந்துகொண்டார்கள்! பெற்றோரே, இந்த இடத்தில் சற்று நின்று யோசியுங்கள்.

பின்னாளில் 2-ஆம் அருள் சின்னப்பர் பொல்லோனேயில் அவருடைய கல்லறையில் 1989-ல் ஜெபித்தார். 1990-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி முத்திப்பேறு பட்டம் அளித்தார். அவரும் குருவாயிருந்தபோது போலந்து மலைகளில் வாலிபரைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்தான். கம்யூனிஸ்டு ஆட்சியில் குருக்கள் வாலிபக் கூட்டங்களை நடத்தலாகாது என்றிருந்ததால், பிள்ளைகள் அவரை "வூயெக்", அதாவது மாமா, என்றழைத்தார்கள். பிராசாத்தியின் திருச்சரீரம் 1990 முதல் துரின் நகரக் கதீட்ரலில் இருக்கிறது. இத்தாலிய மலைச் சங்கம் 1996 முதல் நாட்டின் மாகாணந்தோறும் ஒரு மலைப்பாதைக்கு அவர் பெயரை வைத்து வந்திருக்கிறது.

7. சில கேள்விகளும் பதில்களும்

உல்லாசப் பிரயாணம் பணவிரயம் அல்லவா?
தன் சக்திக்கு மீறிச் செலவழிப்பது விரயம். உடலுக்கும் மனதுக்கும் இளைப்பாற்றி தேடுவது விரயம் அல்ல. குறைந்த கட்டண வகுப்பில் போய் மிச்சத்தை ஏழைக்குக் கொடுக்க வழி இருக்கும்போது, இளைப்பாற்றியையும் தர்மத்தையும் சேர்த்தே செய்யலாம்.

திருத்தலத்துக்குப் போகிறவர் மலையும் ஏறினால் யாத்திரையின் பலன் குறையுமா?
குறையாது. தேவமாதாவே எலிசபெத்தம்மாளுக்கு ஊழியம் செய்ய மலைநாட்டுக்கு நடந்தவர். ஆனால் கோவிலை வழிச்சத்திரமாக மட்டும் எண்ணி, பத்து நிமிஷம் தலைகாட்டிவிட்டு ஓடுவது மரியாதை அல்ல. முதலில் தாயைக் கண்டு பேசிவிட்டு மலைக்குப் போகவேண்டும்.

பிள்ளைகளைத் தனியே அனுப்பினால் கெட்டுப்போவார்களே?
கெட்ட சகவாசம் வீட்டுத் திண்ணையிலும் கெடுக்கும். ஆகவே "எங்கே போகிறாய்?" என்பதோடு "யாரோடு போகிறாய்?" என்றும் கேட்கவேண்டும். அந்தச் சிநேகிதரை ஒருமுறை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். ஒருவேளைச் சாப்பாட்டில் நூறு விசாரணையில் தெரியாதது தெரிந்துவிடும்.

8. குடும்பத்தில் பேசிக்கொள்ள

இந்த வாரம் ஒருநாள் ஜெபமாலைக்குப்பின் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து இவற்றைப் பேசிக்கொள்ளலாம்.

(அ) நம் பிள்ளைகளின் சிநேகிதர் நாலு பேரின் பெயர் நமக்குத் தெரியுமா? அவர்களுக்காக ஜெபித்திருக்கிறோமா?
(ஆ) சென்ற விடுமுறைப் பிரயாணத்தில் ஞாயிறு பூசைக்கு என்ன இடம் கொடுத்தோம்?
(இ) நம் வீட்டில், நம் சிநேகிதரில், மெதுவாய் நடக்கிறவர் யார்? அவருக்காக நம் வேகத்தைக் குறைக்கிறோமா?
(ஈ) விடுமுறை முடிந்து வீடு திரும்பும்போது, புகைப்படங்களைத் தவிர வேறென்ன கொண்டுவருகிறோம்?

அடுத்த விடுமுறைக்கு ஒரே ஒரு தீர்மானம் செய்துகொண்டால் போதும்: போகும்போது பூசை, நடக்கும்போது பின்தங்கினவனுக்குக் கை, திரும்பினபிறகு ஒரு நோயாளியையாவது ஏழையையாவது சந்திப்பது. இந்த மூன்றும் இருந்தால், "இது யாத்திரையா, உல்லாசமா?" என்று வீட்டில் வழக்காடவேண்டிய தேவையே இராது.

அர்ச். பியர் ஜோர்ஜியோவே, எங்கள் வாலிபருக்காகவும், அவர்களை இன்னும் அறியாத எங்கள் வீட்டாருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.